நுண்ணலைப் பரிவுக் குழி வடிவமைப்பு: கொழும்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்கு நுண்ணலைத் தலைப்பு எடுத்த மாணவர்கள், அமெச்சூர் வானொலிக்காரர்கள், டிஷ் திருத்துபவர்கள் என்று மூன்று வகையினர் இந்தக் கேள்விகளோடு வருகிறார்கள். உயர்தரப் பௌதிகவியல் தெரிந்தால் போதும், இதைப் பின்தொடரலாம். சூத்திரங்கள் எந்தப் பாடநூலிலும் கிடைக்கும். உலோகத்தை எங்கே பிளப்பது, மூடியை எந்தப் பக்கம் வைப்பது என்பதுதான் கிடைக்காது. இங்கே செய்யப்படும் குழிகள் பெரும்பாலும் சொதப்புவது அந்த இடத்தில்தான். ஆகவே அதற்குத்தான் இங்கே அதிக இடம்.

பரிவுக் குழி என்றால் என்ன? சுருளும் கொள்ளளவியும் போதாதா?

மூடிய உலோகப் பெட்டி ஒன்று, அவ்வளவுதான். அதற்குள் செலுத்திய மின்காந்த அலை சுவருக்குச் சுவர் மோதித் திரும்பி, குறிப்பிட்ட சில மீடிறன்களில் மட்டும் நின்ற அலையாகும். எந்த மீடிறன்கள் என்பதைப் பெட்டியின் உள்ளளவு தீர்மானிக்கிறது.

சில நூறு மெகாஹேர்ட்ஸ் வரை சுருளும் கொள்ளளவியும் நன்றாகவே வேலை செய்யும். கிகாஹேர்ட்ஸுக்குப் போனதும் சுருள் கண்ணுக்கே தெரியாத அளவுக்குச் சிறிதாகிவிடும். கம்பியே அன்ரெனாவாகிச் சக்தியை வெளியே விடும். மிச்சம் கம்பியின் தடையில் சூடாகிப் போகும். அப்படிப்பட்ட சுற்றின் கியூ ஒன்றிரண்டு நூறைத் தாண்டுவது கடினம். மூடிய குழியில் சக்தி வெளியே போக வழியில்லை, மின்னோட்டம் ஓடுவதற்குப் பெரிய மேற்பரப்பும் இருக்கிறது. அதனால் கியூ ஆயிரக்கணக்கில் வரும்.

கியூ என்றால், குழிக்குள் சேமித்திருக்கும் சக்தியை ஒவ்வொரு அலைவிலும் வீணாகும் சக்தியால் வகுத்து, 2 × பை ஆல் பெருக்கிய எண். நடைமுறையில், பரிவு மீடிறனை அரைவலுப் பட்டை அகலத்தால் வகுத்தால் வருவதும் அதுவே.

இது எங்கெல்லாம் பயன்படுகிறது?

கைத்தொலைபேசிக் கோபுரங்களில் அனுப்பும் பட்டையையும் வாங்கும் பட்டையையும் பிரிக்கும் டுப்ளெக்சர் வரிசையாக வைத்த பல குழிகள்தான். வீட்டு மைக்ரோவேவ் அடுப்பின் மக்னெற்றோனுக்குள் (நுண்ணலையை உண்டாக்கும் குழாய்) வட்டமாகச் சில குழிகள் இருக்கின்றன. அந்த வடிவத்தை 1940இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜோன் ரண்டல், ஹரி பூட் என்ற இரு பௌதிகவியலாளர்கள் செய்துகாட்டினார்கள், சென்டிமீற்றர் அலை ராடார் அதற்குப் பிறகுதான் விமானத்துக்குள் ஏறியது. அதற்கு மூன்று வருடம் முன்பே, 1937இல், ஸ்டான்ஃபோர்டில் வேரியன் சகோதரர்கள் செய்த கிளைஸ்ட்ரன் என்ற நுண்ணலை வெற்றிடக் குழாய்க்கும் குழிதான் இதயம். துகள் வேகமுடுக்கிகளில் நயோபியம் உலோகக் குழிகளை ஏறத்தாழ 2 கெல்வினுக்குக் குளிர்த்தி 1.3 கிகாஹேர்ட்ஸில் ஓட்டுகிறார்கள். அங்கே கியூ ஆயிரம் கோடி வரை போகிறது.

கையில் எடுத்துப் பார்க்க ஆசையா? பழுதான பழைய எல்.என்.பி. ஒன்றை, அதாவது டிஷ்ஷின் முன்னால் அலையை வாங்கும் பெட்டியை, திறந்து பாருங்கள். பழைய வகையாக இருந்தால் உள்ளே சிறிய பீங்கான் வில்லை ஒன்று இருக்கும், மேல் மூடியிலிருந்து ஒரு திருகு அதற்கு நேராக இறங்கும். அந்த வில்லைதான் 9.75 கிகாஹேர்ட்ஸ் அலையத்தின் பரிவுப் பொருள், சுற்றியுள்ள உலோகக் கூடு அதன் குழி. புதியவற்றில் பளிங்கை வைத்துப் பூட்டும் சிப் வந்துவிட்டது. அதில் பார்க்க ஒன்றுமில்லை.

எந்த வடிவத்தைத் தெரிவுசெய்வது?

மூன்று குடும்பங்கள். செவ்வகப் பெட்டி: கணக்கு இலகு, அலைவழிகாட்டியோடு (நுண்ணலையைக் கடத்தும் உலோகக் குழாய்) நேராகப் பொருந்தும். உருளை: லேத்தில் கடைவது இலகு, கியூவும் அதிகம். ஓரச்சுக் குழி, அதாவது பெட்டியின் அடியிலிருந்து ஒரு தூண் எழுந்து மேல்மூடிக்குச் சற்று முன்னால் நிற்பது: இடம் குறைவு, கியூவும் குறைவு. 1800 மெகாஹேர்ட்ஸில் கால் அலைநீளம் கிட்டத்தட்ட 42 மி.மீ. தூணின் தலைக்கும் மூடிக்கும் இடையிலுள்ள கொள்ளளவம் அதையும் இன்னும் குறுக்கிவிடும். கோபுர வடிகட்டிகள் பெரும்பாலும் இந்த வகையாக இருப்பது அதனால்தான்.

முதல் முறை செய்பவருக்கு என் ஆலோசனை: 2 முதல் 2.5 கிகாஹேர்ட்ஸுக்குள் உருளை ஒன்று. அளவு கைக்கு அடங்கும், பிழை பொறுக்கும், மலிவான கருவியால் அளக்கலாம். 10 கிகாஹேர்ட்ஸ் பார்க்க அழகு. ஆனால் அந்த மீடிறன் வரை அளக்கும் அனலைசர் கருவியைப் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் கெஞ்சித்தான் வாங்க வேண்டும்.

ஒரு கணக்கைப் போட்டுக் காட்ட முடியுமா?

காட்டலாம். டபிள்யூ.ஆர்-90 என்ற வழக்கமான அலைவழிகாட்டியின் உள்ளளவு 22.86 × 10.16 மி.மீ. அதன் வெட்டு மீடிறன், அதாவது அதற்குக் கீழே அலை உள்ளே ஓடாத எல்லை, 6.557 கிகாஹேர்ட்ஸ். அதில் ஒரு துண்டை வெட்டி இரு முனைகளையும் அடைத்து 10 கிகாஹேர்ட்ஸ் குழி செய்ய வேண்டும், மிக அடிப்படையான டீஈ101 பாங்கில். (பாங்கு என்பது குழிக்குள் நின்ற அலை எடுக்கும் ஒரு வடிவம். டீஈ, டீஎம் அதன் இரு வகைகள், பின்னால் வரும் எண்கள் ஒவ்வொரு திசையிலும் புலம் எத்தனை முறை மாறுகிறது என்பதைக் காட்டும்.) நீளம் எவ்வளவு?

மீடிறன் (கிகாஹேர்ட்ஸ்) = 149.9 × √(1/அகலம்² + 1/நீளம்²). அளவுகள் மி.மீ.இல். 149.9 என்பது ஒளிவேகத்தின் பாதி.

10ஐ 149.9ஆல் வகுத்து வர்க்கித்தால் 0.00445. அகலத்தின் பங்கு 0.00191. மிச்சம் 0.00254, அதன் வர்க்கமூலத்தின் தலைகீழ் 19.85. ஆக நீளம் 19.85 மி.மீ. உயரம் இந்தக் கணக்குக்குள் வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள். அது மீடிறனைத் தொடாது, கியூவை மட்டும் மாற்றும்.

உருளை இன்னும் இலகு. டீஎம்010 பாங்கில், மீடிறன் = 114.74 ÷ ஆரை. 2.45 கிகாஹேர்ட்ஸுக்கு ஆரை 46.8 மி.மீ. இங்கேயும் உயரம் வராது.

பட்டறையில் 0.1 மி.மீ. பிழைத்தால் என்ன ஆகும்?

மேலே சொன்ன 10 கிகாஹேர்ட்ஸ் குழியில் நீளம் 1 மி.மீ. மாறினால் மீடிறன் 287 மெகாஹேர்ட்ஸ் நகரும். அகலம் 1 மி.மீ. மாறினால் 188. எனவே 0.1 மி.மீ. நீளப் பிழைக்கு 29 மெகாஹேர்ட்ஸ். குழியின் பட்டை அகலமே இரண்டு, மூன்று மெகாஹேர்ட்ஸ்தான் இருக்கும். குறி தப்பியது மட்டுமில்லை, பக்கத்து ஊருக்கே போய்விட்டது.

வேணியர் இடுக்கிமானியை நம்பி வேலை செய்யாதீர்கள். உள்ளளவை நுண்மானித் திருகுக்கணிச்சியாலோ அளவுக்கட்டையாலோ பார்க்கச் சொல்லுங்கள். வாகனப் பாகங்களுக்குப் பெயர்போன பஞ்சிகாவத்தைப் பக்கத்தில் பிஸ்டனும் வால்வும் கடையும் பாஸ்மாருக்கு நூறில் ஒரு மில்லிமீற்றர் என்றால் என்னவென்று நன்றாகவே தெரியும். நீங்கள் வரைபடத்தில் எழுதாமல் விட்டால்தான் அவர்கள் "சும்மா ஒரு பெட்டி" என்று நினைத்துச் செய்வார்கள். எந்த அளவுக்கு எவ்வளவு பிழை ஏற்கலாம் என்பதை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுதுங்கள். உயரத்துக்குத் தாராளமாக விடலாம். நீளத்தையும் அகலத்தையும் இறுக்குங்கள்.

அப்புறம், வேண்டுமென்றே சற்றுக் குறுக்கிச் செய்யுங்கள். 0.2 மி.மீ. குறைத்தால் மீடிறன் 57 மெகாஹேர்ட்ஸ் போல மேலே நிற்கும். அகன்ற சுவரின் நடுவில் ஒரு திருகை இறக்கினால் அது கீழே வரும். அந்த இடத்தில் மின்புலம் உச்சம், உலோகம் உள்ளே வந்தால் மீடிறன் இறங்கும். காந்தப் புலம் வலுவாக உள்ள இடத்தில் உலோகத்தைத் தள்ளினால் நேரெதிராக ஏறும். நீளமாகச் செய்துவிட்ட குழியை மேலே ஏற்றுவது பெரும்பாடு. குறுகியதை இறக்க ஒரு திருகு போதும். இணைப்புத் துளை வெட்டும்போதும் மீடிறன் வழக்கமாகக் கீழேதான் நகரும். அதையும் கணக்கில் வையுங்கள்.

குழியை எங்கே பிளப்பது? மூடி எந்தப் பக்கம்?

இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். பெரும்பாலானோர் பாங்கையும் அளவையும் முடிவு செய்து, சிமுலேஷன் ஓட்டி, கடைசியில் "மேலே ஒரு மூடி போடுவோம்" என்கிறார்கள். குழியைத் திடமான ஒற்றைக் கட்டியாகச் செய்ய முடியாது. எங்காவது ஒரு பொருத்து வரும். அந்தப் பொருத்தைச் சுவர் மின்னோட்டம் கடக்கிறதா, அதன் வழியே ஓடுகிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கடந்தால், இரண்டு உலோகத் துண்டுகளும் தொடும் சில புள்ளிகள் வழியாகவே முழு மின்னோட்டமும் நெருக்கியடித்துப் போக வேண்டும். தடை கூடும், கியூ விழும். போதாததற்கு, திருகை ஒவ்வொரு முறை இறுக்கும்போதும் மீடிறன் இடம் மாறும்.

டீஈ101 செவ்வகக் குழியை எடுங்கள். அகன்ற சுவரின் நடுக்கோட்டைக் குறுக்காக மின்னோட்டம் கடப்பதில்லை. முனைச் சுவர்களில் மின்னோட்டம் மேலும் கீழுமாக மட்டும் ஓடுகிறது. ஆகவே அந்த நடுக்கோட்டின் வழியே, அகலத்தைச் சரிபாதியாக்கி இரண்டு துண்டாகப் பிளந்தால், பொருத்து எங்குமே மின்னோட்டத்தைக் குறுக்கிடாது. இரண்டு பாதியும் சரியாகத் தொடாவிட்டால்கூடக் கியூ பெரிதாகக் கெடாது. மேல்மூடி வைத்தாலோ, பக்கச் சுவரில் ஏறிவரும் மின்னோட்டம் முழுவதும் அந்த விளிம்பைத் தாண்டித்தான் மூடிக்குள் போக வேண்டும். இருக்கக்கூடிய இடங்களிலேயே மோசமான இடம் அது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. மில்லிங் இயந்திரத்தின் வெட்டும் முனை உருண்டையானது, உள்மூலைகளைக் கூராக வெட்டாது, ஒரு வளைவை விட்டுவைக்கும். மேலிருந்து வெட்டி மூடி போடும் முறையில் அந்த வளைவு நிலைக்குத்து மூலைகளில் விழும். அங்கே மின்புலமும் இல்லை, காந்தப் புலமும் இல்லை. எனவே மீடிறன் அசையாது. நடுவில் பிளக்கும் முறையில் வளைவு விழுவது முனைச் சுவரும் அகன்ற சுவரும் சந்திக்கும் மூலைகளில். அங்கே காந்தப் புலம் வலுவானது, மீடிறன் ஏறும். 3 மி.மீ. வெட்டுமுனை, அதாவது 1.5 மி.மீ. ஆரை வளைவு, நான்கு மூலைகளிலும் இருந்தால் நமது 10 கிகாஹேர்ட்ஸ் குழி ஏறத்தாழ 55 மெகாஹேர்ட்ஸ் மேலே போகும். அரை சதவீதம்! சூத்திரத்துக்கு இது தெரியாது. எனவே பட்டறையில் எந்த அளவு வெட்டுமுனை இருக்கிறது என்று முதலில் கேட்டு, அந்த ஆரையோடு மாதிரி வரைந்து, நீளத்தைத் திருத்திக்கொள்ளுங்கள்.

உருளைக்கும் இதே கேள்விதான். டீஎம்010 பாங்கில் மின்னோட்டம் பக்கச் சுவரில் மேலே ஏறி, மூடியில் நடுவை நோக்கிப் பாய்கிறது. மூடிப் பொருத்து முழுமையாக மாட்டிக்கொள்ளும். டீஈ011 பாங்கில் மின்னோட்டம் வட்டம் வட்டமாகவே சுற்றுகிறது, மூடியைத் தாண்டுவதே இல்லை. பழைய அலைமானிகள் இந்தப் பாங்கைப் பயன்படுத்தியது அதனால்தான். தொடாத முசலம் ஒன்றை மேலும் கீழும் நகர்த்தி மீடிறனை மாற்றலாம். ஆனால் டீஎம்111 என்ற இன்னொரு பாங்கு அதே மீடிறனில் வந்து நிற்கும். முசலத்தைச் சுற்றி விடப்படும் இடைவெளி அந்த வேண்டாத பாங்கின் மின்னோட்டத்தை வெட்டி, அதை நகர்த்தியும் மங்கச் செய்தும் உதவுகிறது.

எந்த உலோகம்? வெள்ளி பூசினால் நல்லதா?

10 கிகாஹேர்ட்ஸில் மின்னோட்டம் செப்பின் மேற்பரப்பில் 0.66 மைக்ரோமீற்றர் ஆழத்துக்குள்ளேயே ஓடுகிறது. உள்ளே என்ன உலோகம் என்பது பலத்துக்கும் விரிவுக்கும்தான், மின்சாரத்துக்கு இல்லை. நமது செவ்வகக் குழியின் கணக்குக் கியூ செப்பில் சுமார் 7800, அலுமினியத்தில் 6300, பித்தளையில் 4000க்குச் சற்றுக் குறைவு. பித்தளை கடைவதற்குச் சுகமானது, ஈயமும் நன்றாகப் பிடிக்கும். முதல் மாதிரிக்கு நான் அதையே சொல்வேன். சுத்தமான செப்பு வெட்டுமுனையில் ஒட்டிக்கொண்டு பாஸின் பொறுமையைச் சோதிக்கும்.

வெள்ளி பூசினால் செப்பைவிட நூற்றுக்கு மூன்று நான்கு பங்குதான் கூடும். பித்தளைமேல் பூசும்போதுதான் பலன் பெரிது. செட்டியார் தெருவில் நகைக்கு முலாம் பூசுபவர்களிடம் கொடுக்கலாமா என்று கேட்கிறார்கள். கொடுக்கலாம், மூன்று விஷயங்களைப் பேசிக்கொண்டு. நகை முலாம் பளபளப்புக்காக மிக மெல்லியதாகப் பூசப்படும், உங்களுக்கு 2.4 கிகாஹேர்ட்ஸில் 4, 5 மைக்ரோமீற்றராவது வேண்டும். அடியில் நிக்கல் பூசும் வழக்கம் உண்டு, நிக்கல் காந்தத்தன்மை உள்ளது, மேலே வெள்ளி மெல்லியதாக இருந்தால் மின்னோட்டம் நிக்கலுக்குள் இறங்கிக் கியூவைத் தின்றுவிடும். பளபளப்பூட்டும் சேர்மானங்களும் கடத்துதிறனைக் குறைக்கும். மங்கலான வெள்ளிதான் நமக்கு நல்லது. நகைக்கடைக்காரருக்கு இது விநோதமாகத் தோன்றும், பரவாயில்லை.

மேற்பரப்புக் கீறலின் ஆழம் மின்னோட்டம் ஓடும் ஆழத்தோடு ஒப்பிடும் அளவுக்கு வந்தால் இழப்பு தெளிவாகக் கூடும். எனவே கடைசி வெட்டை மெதுவாக எடுக்கச் சொல்லுங்கள்.

சக்தியை எப்படி உள்ளே செலுத்துவது?

மின்புலம் உச்சமாக உள்ள இடத்தில் ஒரு குட்டி ஊசி, அல்லது காந்தப் புலம் உச்சமாக உள்ள இடத்தில் ஒரு குட்டி வளையம், அல்லது அலைவழிகாட்டியோடு சேரும் சுவரில் ஒரு துளை. எஸ்.எம்.ஏ. என்ற சிறிய திருகு வகைக் கேபிள் இணைப்பியின் நடுக்கம்பியைச் சில மில்லிமீற்றர் நீட்டிவிட்டால் அதுவே ஊசி. அதை வளைத்து உடலோடு பற்றவைத்தால் வளையம். வளையத்தைத் திருப்புவதால் இணைப்பைக் கூட்டிக் குறைக்கலாம். ஊசியை அரத்தால் அராவினால் திரும்பி வராது. ஆரம்பத்தில் வளையத்தை விரும்புவதற்கு அதுவே போதுமான காரணம்.

சிமுலேஷன் 7800 என்றது, நான் அளந்தால் 3000 வருகிறது. ஏன்?

முதலில், எதை அளந்தீர்கள்? குழியின் சொந்தக் கியூ வேறு, இணைப்பிகளோடு சேர்ந்த சுமையுற்ற கியூ வேறு. ஒற்றை வாயிலில் சரியாகப் பொருத்தம் பார்த்து இணைத்தால் சுமையுற்ற கியூ சொந்தக் கியூவின் சரிபாதி. 7800 அங்கேயே 3900 ஆகிவிடும். இதில் பிழை எதுவும் இல்லை.

சொந்தக் கியூவை அறிய இரண்டு இணைப்பிகளையும் மிகப் பலவீனமாக்குங்கள், ஊடுகடத்தல் உச்சமே −30 டெசிபெல்லுக்குக் கீழே இருக்குமளவுக்கு. அப்போது உச்சத்திலிருந்து 3 டெசிபெல் இறங்கிய இரு புள்ளிகளுக்கிடையிலான அகலத்தால் மீடிறனை வகுத்தால், சொந்தக் கியூவிலிருந்து வித்தியாசம் 3 சதவீதத்துக்கு மேல் வராது.

அதற்குப் பின்னும் கணக்கிட்டதில் பாதிதான் வந்தால் பொருத்தைப் பாருங்கள், பிறகு மேற்பரப்பை, பிறகு திருகை. திருகின் மரைக்குள்ளும் மின்னோட்டம் ஓடுகிறது. பூட்டுநட்டு இல்லாத திருகு ஒரு நாளைக்கு ஒரு கியூ காட்டும்.

நானோவிஎன்ஏ என்ற மலிவான கையடக்க அனலைசர் போதுமா?

2 கிகாஹேர்ட்ஸ் குழிக்கு 3 கிகாஹேர்ட்ஸ் வரை போகும் வகை போதும். முதலில் வந்த 900 மெகாஹேர்ட்ஸ் வகை போதாது, வாங்கும்போது பார்த்து வாங்குங்கள். குறிப்பாகக் கவனிக்க வேண்டியது: 101 புள்ளிகளோடு 1 கிகாஹேர்ட்ஸ் அகலத்தைத் துழாவினால் ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் 10 மெகாஹேர்ட்ஸ் இடைவெளி. உங்கள் பரிவு ஒரு மெகாஹேர்ட்ஸ் அகலமானால் அது இரண்டு புள்ளிகளுக்கிடையே ஒளிந்துவிடும். "குழி வேலை செய்யவில்லை" என்று வரும் முறைப்பாடுகளில் நல்ல பங்கு இதுதான். கணக்கில் வந்த மீடிறனைச் சுற்றி 50 மெகாஹேர்ட்ஸாகத் துண்டு துண்டாகத் தேடுங்கள்.

செலவில்லாமல் பழகிப் பார்க்க வழி உண்டா?

பால்மா ரின். உள்விட்டம் 99 மி.மீ., உயரம் 125 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 3 கிகாஹேர்ட்ஸுக்குள் நான்கு பரிவுகள் விழும்: டீஈ111 2.14இல், டீஎம்010 2.32இல், டீஎம்011 2.61இல், டீஈ112 2.98இல். உயரம் விட்டத்தைவிடக் கூடியதால் டீஈ111 முந்திக்கொண்டது. ரின்னின் உயரத்தைப் பாதியாக வெட்டிப் பார்த்தால் வரிசையே மாறும், டீஎம்010 மட்டும் இருந்த இடத்தில் நிற்கும்.

எந்த உச்சம் எந்தப் பாங்கு என்று எப்படி அறிவது? மூடியின் நடுவில் ஊசி வைத்தால் டீஎம்010உம் டீஎம்011உம் எழும், டீஈ இரண்டும் எழாது. பக்கச் சுவரில் பாதி உயரத்தில் வைத்தால் டீஈ111உம் டீஎம்011உம் வரும், டீஎம்010 காணாமல் போகும். இந்த ஒரு மாலை வேலை, புலப் படங்களை மனப்பாடம் செய்வதைவிட அதிகம் சொல்லித்தரும். பெரிய கியூ எதிர்பார்க்காதீர்கள். ரின் தகட்டின் வெள்ளீயப் பூச்சு இந்த மீடிறனில் மின்னோட்டம் இறங்கும் ஆழத்தைவிட மெல்லியது, அடியில் இருப்பது உருக்கு. அழுத்தி மூடும் மூடியும் டீஎம் மின்னோட்டத்தை நேராக வெட்டுகிறது. மூடியை ஈயத்தால் சுற்றிவரப் பற்றவைத்துவிட்டுத் திரும்ப அளந்து பாருங்கள், பொருத்து பற்றி மேலே சொன்னது அப்போது விளங்கும்.

கொழும்பின் ஈரப்பதன் குழியைப் பாதிக்குமா?

பாதிக்கும். குழிக்குள் இருப்பது வெற்றிடம் இல்லை, காற்று. நீராவி மூலக்கூறு முனைவுடையது, நுண்ணலைக்கு அது உலர்ந்த காற்றைவிடக் கனமாகத் தெரியும். 22 பாகை செல்சியஸ், 50 சதவீத ஈரப்பதன் உள்ள குளிரூட்டிய அறையில் காற்றின் முறிவுச்சுட்டி 1ஐவிடப் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 320 பங்கு கூட. வெளியே 30 பாகை, 80 சதவீதம் என்றால் அது கிட்டத்தட்ட 395. வித்தியாசம் பத்து இலட்சத்தில் 75. 10 கிகாஹேர்ட்ஸ் குழிக்கு இது முக்கால் மெகாஹேர்ட்ஸ் இறக்கம். பட்டை அகலம் 2.6 மெகாஹேர்ட்ஸ் என்றால் கால்வாசிக்கும் மேல், கதவைத் திறந்து வெளியே வந்ததற்கு மட்டும்! இதையே திருப்பிப் பயன்படுத்தி, காற்றின் ஈரத்தை அளக்கக் குழிகளை விமானத்தில் கட்டிப் பறந்திருக்கிறார்கள்.

குளிரூட்டிய அறையிலிருந்து நேராக வெளியே கொண்டுவந்தால் உள்சுவரில் நீர் படியும். அது முறிவுச்சுட்டியைவிடப் பெரிய தொல்லை. ஒரு மணிநேரம் விட்டு அளவெடுங்கள். நிரந்தரமாக வெளியே இருக்க வேண்டியதை ஓ-வளையம் வைத்து அடைத்து, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் வையுங்கள், குழிக்குள் அல்ல, அதைச் சூழ்ந்த பெட்டிக்குள்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி கடற்கரைப் பக்க மாடிகளில் உப்பும் சேர்ந்துகொள்ளும். அலுமினியக் குழியில் பித்தளைத் திருகு போட்டால் உப்பு ஈரத்தில் இரண்டும் மின்கலமாகி அலுமினியம் பொடியாய் உதிரும். ஒரே உலோகம், அல்லது பூச்சு.

வெயிலில் மீடிறன் ஓடுகிறதே?

அலுமினியம் ஒரு பாகைக்குப் பத்து இலட்சத்தில் 23 பங்கு விரியும். 10 கிகாஹேர்ட்ஸில் இது பாகைக்கு 230 கிலோஹேர்ட்ஸ். காலை 28 பாகை, மொட்டைமாடிப் பெட்டிக்குள் மத்தியானம் 60 பாகை என்றால் 7.4 மெகாஹேர்ட்ஸ் இறங்கிவிடும். பித்தளையில் சுமார் 6. இன்வார் என்ற இரும்பு–நிக்கல் கலப்பில் அரை மெகாஹேர்ட்ஸ்கூட வராது. அதைக் கண்டுபிடித்த குய்லோமுக்கு 1920இல் பௌதிகவியல் நோபல் பரிசு கிடைத்தது. இங்கே இன்வார் தேடி அலைவதைவிட, வெள்ளைப் பூச்சும் நிழலும் மலிவு. கொஞ்சம் புத்திசாலித்தனம் வேண்டுமானால் குழியை ஒரு உலோகத்திலும் திருகை இன்னொரு உலோகத்திலும் செய்து, சூட்டில் திருகு தானாகப் பின்வாங்குமாறு அமைக்கலாம். ஓரச்சுக் குழிகளில் இது வழக்கமான உத்தி.

எந்த மென்பொருள்?

குழியின் பரிவைத் தேட ஐகன்பாங்குத் தீர்வு, அதாவது பெட்டியின் இயல்பான பரிவுகளை நேராகக் கணிக்கும் தீர்வு, தரும் மென்பொருள் வேண்டும். எச்.எஃப்.எஸ்.எஸ்., சி.எஸ்.டி. இரண்டும் நன்று, விலை நம் பக்கம் இல்லை. மாணவர் பதிப்புகள் உண்டு. திறமூலத்தில் பாலஸ் நேரடியாக ஐகன்பாங்கு தரும். ஓப்பன்ஈஎம்எஸ் காலத்தோடு நகர்ந்து கணிக்கும் வகை. கியூ பெரிதானால் அலை அடங்கவே மாட்டேன் என்று நாள்கணக்கில் ஓடும். எதுவானாலும் முதலில் கைக்கணக்கில் விடை தெரிந்த பெட்டியைக் கொடுத்துச் சோதியுங்கள்.

பல குழிகளைச் சேர்த்து வடிகட்டி செய்வது?

இரண்டு ஒரேமாதிரிக் குழிகளைத் துளையால் இணைத்தால் ஒரு உச்சம் இரண்டாகப் பிரியும். அந்த இரண்டின் இடைவெளியை நடு மீடிறனால் வகுத்தால் ஏறத்தாழ இணைப்புக் குணகம். துளையைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி ஒரு வரைபு எடுத்துக்கொண்டால் வடிகட்டிக்கு வேண்டிய எல்லாத் துளைகளையும் அதிலிருந்து படிக்கலாம்.

எவ்வளவு ஒடுக்கமான வடிகட்டி வேண்டும் என்பதில் பேராசை வேண்டாம். சொந்தக் கியூ 4000 உள்ள ஒற்றைக் குழியை 10 கிகாஹேர்ட்ஸில் 25 மெகாஹேர்ட்ஸ் அகலத்துக்குப் பயன்படுத்தினால் இழப்பு 0.9 டெசிபெல். அதே குழியை 5 மெகாஹேர்ட்ஸுக்கு ஒடுக்கினால் 6 டெசிபெல், வலுவில் கால்வாசிதான் மறுபக்கம் போகும், பாதி சுவரில் சூடாகிவிடும், மிச்சம் வந்த வழியே திரும்பிவிடும்.

அடுப்பு மக்னெற்றோனைக் கழற்றிக் குழிக்குக் கொடுத்துச் சோதிக்கலாமா?

வேண்டாம். அதன் மின்வழங்கல் கிட்டத்தட்ட 4000 வோல்ற்று. அடுப்பை நிறுத்திய பிறகும் கொள்ளளவியில் உயிரைப் பறிக்கும் ஏற்றம் இருக்கலாம். திறந்த குழியிலிருந்து நூற்றுக்கணக்கான வாற்று வெளியே வந்தால் கண்தான் முதலில் போகும். இந்தக் கேள்வியில் நான் பேரம் பேசுவதில்லை.

அனுமதி ஏதும் வேண்டுமா?

மூடிய குழியை நானோவிஎன்ஏயின் மில்லிவாற்றுக்கும் குறைந்த வலுவால் மேசையில் அளப்பது பெரிய விஷயமில்லை. அதை ஒரு பரப்பியோடு இணைத்து அன்ரெனாவுக்குக் கொடுத்தால் கதை வேறு. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் கீழ், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் உரிமம் வேண்டும். அமெச்சூர் உரிமம் இருந்தால் அதில் குறித்த பட்டைகளுக்குள் மட்டும். செயற்றிட்டக் காலம் தொடங்கும்போதே விண்ணப்பியுங்கள், குழி கடைந்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம்.